என் தலைநகரத்தைப் பிடித்த அண்ணி

நான் கீழே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் என் அண்ணி என் தலைநகரத்தைப் பிடித்துக்கொண்டார். நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. என் டயர் கடைக்குப் பக்கத்து இடத்தை வளைத்துப் போட்டவனைக்கூட நான் மன்னித்துவிட்டேன். இதை மன்னிக்க மனசு வரவில்லை.

கம்ப்யூட்டர் விளையாட்டுதான். "விளையாட்டுதானே, அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியணுமா?" என்று என் வீட்டுக்காரி கேட்பாள். அவளுக்கென்ன, அவள் ஊரா போனது?

அதில் ஆளுக்கொரு நாடு. ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. என் முறை வந்தால் நான் உட்கார்ந்து வயலைப் பெருக்குவேன், மதில் கட்டுவேன், படையை நகர்த்துவேன். முடித்து எழுந்தால் அண்ணி உட்காருவார். இரண்டு நாட்டுக்கும் நடுவே ஒரு ஆறு. அதைத் தாண்டுவதில்லை என்று ஒரு சமாதான ஒப்பந்தம். அண்ணிதானே என்று நம்பி, இருந்த படை மொத்தத்தையும் வடக்கே கொள்ளைக்காரர்களை விரட்ட அனுப்பிவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்காரி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்கும் பிள்ளைகளுக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்ததே அண்ணிதான். அதைத் தின்றுவிட்டு, கை கழுவின ஈரம் காயாமல் மேலே வந்து பார்க்கிறேன், என் அரண்மனையின் மேல் அவர் கொடி பறக்கிறது.

"என்ன அண்ணி இது? நமக்குள்ள ஒப்பந்தம் இருக்கே!"

"இருந்துச்சு. போன சுத்தோட முடிஞ்சுது. திரையில எழுதிக் காட்டுச்சு தம்பி. நீங்கதான் படிக்காம 'சரி'ய அமுக்கிட்டு சாப்பிடப் போனீங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எதிரி நாட்டுக்காரிகிட்ட வந்து கேக்கறீங்க பாருங்க! உக்காருங்க, உங்க முறை. இன்னும் ரெண்டு ஊர் மிச்சமிருக்கு உங்களுக்கு."

சத்தமாகப் பேசத் தெரியாதவர், தெருவில் நாய் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு போகிறவர். அவருக்குள் இப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் வீடு இரண்டு அடுக்கு. கீழே நானும் என் குடும்பமும். வெளியே இரும்புப் படி ஏறினால் மேலே அண்ணனும் அண்ணியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவன். வந்தால் விழுந்து தூங்குவான், எழுந்தால் அடுத்த லோடு. கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. எந்த ஊருக்குப் போனாலும் அண்ணிக்கு ஏதாவது வாங்கி வருவான். ஆனால் அண்ணி எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பான். ஜன்னலுக்கு வலை அடிக்கலாமா? பாக்கலாம். உங்க கூட ஒரு தடவை லாரியில வரட்டுமா? பாக்கலாம். அந்த வலை இன்றைக்கு வரை அடிக்கப்படவில்லை. கொசுக்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

அண்ணி வேலை செய்தது பஸ் சீட் தைக்கும் பட்டறையில். தையல் என்றதும் சட்டை, பாவாடை என்று நினைத்துவிட வேண்டாம். ரெக்சினை நீள மேஜையில் பாய் மாதிரி விரித்து, அட்டையை வைத்துச் சாக்கட்டியால் கோடு இழுத்து, வெட்டி, உள்ளே ஸ்பாஞ்சு கொடுத்து, ஓரத்துக்கு நாடா மடித்துப் பைப்பிங் வைத்துப் பெரிய மெஷினில் ஓட்ட வேண்டும். அந்த ஊசி ஆணி மாதிரி இருக்கும். புதிதாக வந்த ஆம்பளைகளே அதன் பக்கத்தில் போகத் தயங்குவார்கள். அண்ணி மிதித்தால் வளர்த்த மாடு மாதிரி அடங்கும். வெட்டுவதற்கு முன்னால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ரெக்சினையே பார்த்துக்கொண்டு நிற்பார். பார்க்கிறவனுக்குக் கடுப்பாக வரும். அப்புறம் கத்தரியை எடுத்தால் நடுவில் நிறுத்துகிற பேச்சே கிடையாது.

கம்ப்யூட்டர் வந்ததும் அந்தப் பட்டறையிலிருந்துதான். ஆபீசுக்குப் புதிது வாங்கினார்கள். பழையதைக் காயலான் கடைக்குத் தள்ளப் பார்த்தபோது, "நான் எடுத்துக்கறேன்" என்று அண்ணி தூக்கி வந்துவிட்டார். பட்டறைக் கணக்கு வழக்கையெல்லாம் கவனமாக அழித்துக் கொடுத்திருந்தார்கள். கிளார்க் வேலை நேரத்தில் விளையாடிக்கொண்டிருந்ததை அழிக்க மறந்துவிட்டார்கள். அண்ணி முதல் வேலையாக அதற்கு ரெக்சினில் ஒரு உறை தைத்தார். பைப்பிங் வைத்து.

கொஞ்ச நாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடி ஏறினவன், கதவு திறந்திருந்ததால் எட்டிப் பார்த்தேன். திரை முழுக்கத் தீ. அண்ணி கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தம்பி, அடுப்புல பால் இருக்கு, பொங்காமப் பாத்துக்கங்க. இந்தக் கோட்டையக் கொளுத்திட்டு வந்துடறேன்."

பால் பொங்கி வழிந்தது. நான் கோட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. விளையாடுவதைவிட அதைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். அண்ணி பட்டறை விட்டு வரும் வழியில் என் கடையில் ஏறி, அடுக்கி வைத்த பழைய டயர் மேல் உட்கார்ந்து டீ குடிப்பார். நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் காற்று எங்கே குமிழியிடுகிறது என்று பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பேன்.

விளையாட்டில் அவருக்கு இரண்டு சாதிதான். ஒரே ஆளுக்குப் பேர் வைத்து, கத்தி வாங்கிக் கொடுத்து, எலியை அடிப்பதில் தொடங்கி அரக்கனை அடிக்கும் வரை ஊர் ஊராய் அலைவது ஒன்று. அதை 'வேஷம் போடறது' என்பார். நாடு பிடிப்பது இன்னொன்று.

"வேஷம் போடறதுல முதல் காட்சியிலயே உலகம் அழியப் போகுதுங்கறான் தம்பி. நானும் பதறிப் போயி ஓடறேன். தெருமுனையில ஒரு அம்மா நிறுத்தி, 'என் கோழியக் காணோம், தேடித் தா'ங்கறா."

"உலகம் அழியறப்போ கோழியா அண்ணி?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இப்பல்லாம் கோழியத்தான் முதல்ல தேடறேன். அந்த அரக்கன் நான் போற வரைக்கும் வாசல்லயே நிப்பான், பாவம், வேற வேலை இல்ல அவனுக்கு. கோழிக்காரி யார்கிட்ட போவா?"

"அது சரி. எவனாவது பேசினா நாலு பதில் குடுத்து எதைச் சொல்றேன்னு கேக்கறானே, எனக்கு அதுல தலை சுத்துது."

"நாலும் ஒண்ணுதான் தம்பி. எதைச் சொன்னாலும் அடிக்க வர்றவன் அடிக்கத்தான் வருவான். ஆனாலும் எனக்கு அந்த நாலு பிடிச்சிருக்கு. வீட்ல ஒண்ணுதானே இருக்கு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, டீயை ஊதிக்கொண்டிருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருந்துப் புட்டி விஷயத்தில் எங்களுக்குத் தீராத சண்டை. அடிபட்டால் குடிக்க ஆளுக்குக் கொஞ்சம் புட்டி கிடைக்கும். பெரிய சண்டைக்கு ஆகட்டும் என்று நான் சேர்த்து வைப்பேன்.

"பெரிய சண்டை வந்துச்சா?" என்று கேட்பார்.

"வந்துச்சு."

"குடிச்சீங்களா?"

"இதைவிடப் பெருசு வந்தா என்ன பண்றதுன்னு..."

"மருந்து மூட்டையக் கட்டிப் பிடிச்சுட்டே செத்தீங்க. எலி கடிச்சா எலிக்கடிக்குக் குடிங்க கொழுந்தனாரே! வலிக்கறப்போ குடிக்கத்தான் மருந்து."

அடுத்தவன் யோசிப்பதற்குள் நாம் அடிக்கிற, நேரத்தோடு ஓடுகிற நாடு பிடிக்கும் விளையாட்டுகள் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. "அது போரா? மத்தியானச் சாப்பாட்டு மணி அடிச்சதும் பட்டறையில தட்டத் தூக்கிட்டு ஓடுவாங்களே, அது மாதிரி இருக்கு" என்பார். ஆற அமர, முறை வைத்து ஆடுவதுதான் ஆட்டம். அதிலும் பக்கத்து ராஜா சிரித்துச் சிரித்துப் பரிசு அனுப்பினால் உடனே மதில் மேல் ஆளைப் போடுவார். "சும்மா இருக்கறவன் எதுக்குப் பரிசு அனுப்பறான்?"

என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. தோற்றுப் போனால், முன்னால் சேமித்து வைத்த பழைய இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி ஆடலாம். நான் கூசாமல் போவேன். அண்ணி ஒருநாளும் போனதில்லை. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டின நாடு ஒரு தப்பான நகர்த்தலில் சரிந்தது. நான் தலையில் கை வைத்தேன். "திரும்பிப் போங்க அண்ணி, யார் பாக்கப் போறா?" என்று கெஞ்சினேன். அவர் மிச்சமிருந்த ஒரே ஊரை எடுத்துக்கொண்டு, கிழக்கே ஒரு வெற்று மூலைக்குப் போய் முதலிலிருந்து வயல் போட ஆரம்பித்தார். ரொம்ப நாள் சத்தமே இல்லை. எதிரி அவரை மறந்தே போனான். அப்புறம் ஒருநாள் அந்த மூலையிலிருந்து வந்தார் பாருங்கள். என்னாலேயே பார்க்க முடியவில்லை, எதிரிக்காக நான் பாவப்பட்டேன்.

அண்ணன் இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டான். "கண்ணு கெட்டுடும்டி" என்பான், அவ்வளவுதான்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பட்டறை முதலாளியின் கார் பஞ்சராகி என் கடைக்கு வந்தது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் தானாகவே பேச்சைத் தொடங்கினார்.

"உங்க அண்ணி போறது எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரிதான். ஆனா அங்க ஆள் வேணுமே."

"எங்க போறாங்க?"

"என்ன, தெரியாதா? எங்க வெளியூர்ப் பட்டறைக்கு. அங்க மொத்தப் பொறுப்பும் அவங்கதான் இனிமே. இங்கருந்து ஒரு பகல் ஓட்டம். திங்கக்கிழமை வேன்ல சாமானோட அனுப்பறோம்."

"எந்தத் திங்கக்கிழமை?"

"நாளன்னைக்கு. இப்பவாவது வர்றாங்களே! அஞ்சாறு வருஷம் முன்னால அது திறந்தப்பவே கூப்பிட்டேன். உங்க அண்ணன்தான் போன எடுத்தாரு. அவளுக்கு உடம்பு சரியில்ல, வெளியூர் வேலையெல்லாம் தோதுப்படாதுன்னுட்டாரு. அப்பவே வந்திருந்தா அந்தப் பட்டறை இந்நேரம் எங்கயோ போயிருக்கும்."

கையிலிருந்த, டயர் நெம்புகிற லிவர் நழுவி என் கால் மேலேயே விழுந்தது. வலிக்கவில்லை. அண்ணிக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போனது? காய்ச்சல் என்று ஒருநாள் படுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் அண்ணனா அப்படிச் சொன்னான்?

டயரை எப்படி மாட்டினேனோ தெரியாது. கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடினேன். இரும்புப் படி அதிர அதிர ஏறினேன். அண்ணி பாத்திரங்களைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? அன்னைக்கு முதலாளி போன் பண்ணினப்போ அண்ணன்..."

"தெரியும் தம்பி."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். அவர் படியில நின்னு பேசினாரு, நான் மேல கொடியில துணி எடுத்துட்டு இருந்தேன். எனக்கு உடம்பு சரியில்லையாம். கை நிறையத் துணியோட நிக்கறேன் நான், எனக்கு உடம்பு சரியில்லையாம்."

அவர் சிரித்தார். இத்தனை வருஷம்! அண்ணன் வரும்போதெல்லாம் வெந்நீர் வைத்துக் கொடுத்து, சட்டைக்குப் பொத்தான் தைத்து, லாரி திரும்பும் வரை படியில் நின்றிருந்த இதே அண்ணி.

"ஏன் அண்ணி கேக்கல? நானா இருந்தா வீட்ட ரெண்டாக்கியிருப்பேன்!"

"ஆக்கி? அந்த வேலைக்கு மறுநாளே வேற ஆளப் போட்டுட்டாங்க. போன வேலைக்காக இருக்கற வீட்ட எதுக்கு ரெண்டாக்கணும்? முதலாளிகிட்ட போயி, இனிமே எதுன்னாலும் என் நம்பருக்கே பேசுங்கன்னு நம்பர மாத்திப் போடச் சொன்னேன். அவ்வளவுதான் செஞ்சேன். அந்த ஆள் இப்ப விட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கே போன் வந்துச்சு. வர்றேன்னுட்டேன்."

"அண்ணனுக்குத் தெரியாமயா?"

இங்கேதான் அவர் கையை நிறுத்தினார்.

"ரெண்டு தடவை சொல்லிட்டேன் தம்பி. போன தடவை வந்தப்போ சாப்பிடறப்போ சொன்னேன். 'பாக்கலாம்'னாரு. கிளம்பறப்போ படியில நின்னு, திங்கக்கிழமை போறேங்கன்னு சொன்னேன். லாரியச் சுத்தி வந்து டயர உதைச்சுப் பாத்துட்டே, 'அதான் பாக்கலாம்னேனே'ன்னாரு. நான் கேட்டேன்னு நெனச்சுட்டாரு. நான் கேக்கல, சொன்னேன்."

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தேன்.

"பிரிஞ்சு போறீங்களா அண்ணி?"

"யார் சொன்னா? லாரி அந்தப் பக்கமும் போகுது. வந்தா சாப்பாடு போடுவேன், துணி துவைச்சுத் தருவேன். என் புருஷன்தானே. ஆனா, அங்கருந்து கிளம்புன்னு சொன்னா கிளம்ப மாட்டேன். அது ஒண்ணுதான்."

நான் ஆத்திரத்தோடு போனை எடுத்தேன். அவன் என் கூடப் பிறந்தவன். இன்னொரு வாய் மூலம் தெரிந்தால் அவன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அண்ணி தடுக்கவில்லை. கரண்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவன் நம்பரை எடுத்துவிட்டேன், பொத்தானை அமுக்க விரல் வரவில்லை. நான் கூப்பிட்டால் அவன் "அவள நிறுத்துடா" என்பான். அப்புறம் நிறுத்துகிறவன் நானாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியிலிருந்து பாத்திரத்தை வெளியே எடுத்து வைக்கிற கை என் கையாக இருக்க வேண்டும். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கீழே வந்து வீட்டுக்காரியிடம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அண்ணியின் துணி.

"உனக்குத் தெரியுமா?"

"இந்தத் தெருவுக்கே தெரியும்."

"எனக்கு ஏண்டி சொல்லல?"

"உங்களுக்குச் சொன்னா, உங்க அண்ணன் வந்தவுடனே நீங்க வாயே திறக்க வேணாம். மூஞ்சியே போயி எல்லாத்தையும் சொல்லிட்டு வந்துடும்."

திங்கட்கிழமை காலை வேன் வந்தது. பின்னால் முழுக்க இரும்பு சீட் சட்டங்கள். அண்ணியின் சாமான் அதிகமில்லை. மாடியிலிருந்து நான்தான் இறக்கினேன். ரெக்சின் உறை போட்ட கம்ப்யூட்டரைச் சட்டங்களோடு வைக்கப் போனபோது மட்டும், "அதை முன்னால குடுங்க தம்பி, மடியில வச்சுக்கறேன்" என்றார். வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அண்ணன்.

"டேய், உங்க அண்ணி போன எடுக்க மாட்டேங்கறா. பட்டறைக்குக் கிளம்பிட்டாளா?"

இஞ்சின் சத்தமும் காற்றும் சேர்ந்து அவன் குரல் விட்டு விட்டு வந்தது. அண்ணி வேன் ஜன்னலில் என் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் போன் இருந்தது, சத்தத்தை அடக்கி வைத்திருந்தார்.

"கிளம்பிட்டாங்க" என்றேன்.

"சரி. நான் சாயங்காலம் வந்துடுவேன். வலை வாங்கிட்டேன்டா, ஜன்னலுக்கு. சொல்லிட்டே இருப்பாளே. சொல்லாத, வந்து காட்டிக்கறேன்."

போன் கட்டாகிவிட்டது.

"என்னவாம்?" என்று அண்ணி கேட்டார்.

"சாயங்காலம் வர்றானாம். ஜன்னலுக்கு வலை வாங்கியிருக்கானாம்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. இறங்கிவிடுவார் என்றே நினைத்தேன். இறங்க வேண்டும் என்று ஒரு பாதி மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மறுபாதி, போய்விடுங்கள் அண்ணி, போய்விடுங்கள் என்று கத்தியது. டிரைவர் திரும்பிப் பார்த்தான். அண்ணி மடியிலிருந்ததை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போகலாம் என்று அவனிடம் தலையை ஆட்டினார். அப்புறம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவர் ஓட்டிட்டு இருக்கறப்போ சொல்லிடாதீங்க. மறுபடி கூப்பிட்டாலும் எதையாவது சொல்லிச் சமாளிங்க. வந்து, வண்டிய நிறுத்தி, சாவியக் கையில எடுத்த பிறகு சொல்லுங்க. படியில ஏற விட்டுடாதீங்க. கீழயே உக்கார வச்சு, நீங்களே வாயால சொல்லுங்க."